கூந்தலுக்கு ஏற்ற சவுரி: நிறம் பார்த்து வாங்குவோம்



“கறுப்புச் சவுரிதானே, இதிலை நிறம் பார்க்க என்ன கிடக்கு?” என்று என்னிடம் கேட்காத தாய்மார் குறைவு. கடைக்காரர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சவுரி என்று கேட்டவுடன் லாச்சியைத் திறந்து, கண்ணாடித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் போடுவார்கள். நீளம் காணுமா என்று மட்டும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்து வந்துவிடுகிறோம். ஒரு சட்டைத்துணிக்குப் பொருத்தமான நூல் வாங்குவதற்கு நான்கு கடை ஏறி இறங்குகிற நாங்கள், தலையில் வைக்கும் பொருளுக்கு அந்தளவு சிரமப்படுவதில்லை.

யாழ்ப்பாணத்தில் மணப்பெண் அலங்காரத் தொழிலில் நான் 26 வருடங்களாக இருந்து வருகிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, பரதநாட்டிய அரங்கேற்றம் என்று எத்தனையோ தலைகளுக்குச் சவுரி வைத்துப் பின்னிவிட்டேன். ஒருவருடைய தலையில் இருப்பது சொந்த மயிர் அல்ல என்பதைப் பார்ப்பவருக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதன் நீளமோ தடிப்போ அல்ல; நிறம்தான். பின்னல் எவ்வளவு அழகாக இருந்தாலும், பாதியில் நிறம் மாறினால் கண் அந்த இடத்தில்தான் போய் நிற்கும்.

முதலில் ஒரு விடயத்தை நீங்களே செய்து பாருங்கள். சீப்பில் வந்த உங்கள் தலைமயிர் நாலைந்தை எடுத்து, காலை வெயிலில் ஒரு வெள்ளைக் கடதாசியின் மேல் வையுங்கள். அது கறுப்பாக இராது. கடும் மண்ணிறமாக, சிலருக்குச் சிவப்புச் சாயலோடு இருக்கும். எங்கள் பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு உள்ளது இந்தக் கடும் மண்ணிறம்தான். அடர்த்தியாகச் சேர்ந்து தலையில் இருக்கும்போது அது கறுப்பாகத் தோன்றுகிறது. தாரைப் போன்ற சுத்தக் கறுப்பு உள்ளவர்களும் உண்டு, ஆனால் குறைவு. மலிவாக விற்கிற சவுரிகளோ அநேகமாக அந்தத் தார்க் கறுப்பில்தான் வருகின்றன. பொருந்தாமல் போவது இங்கேதான் தொடங்குகிறது.

பொதியில் அடைத்து வரும் சவுரிகளிலும் விக்குகளிலும் நிறத்துக்கு ஒரு இலக்கம் போட்டிருப்பார்கள். 1 என்றால் தார்க் கறுப்பு. 1பி என்றால் அதைவிடச் சற்று மென்மையான, இயற்கைக் கறுப்பு. 2 என்பது மிகக் கடும் மண்ணிறம். வெயிலில் பார்த்தால்தான் கறுப்பு அல்ல என்று தெரியும். 4 என்பது சொக்லட் நிறம். கம்பனிக்குக் கம்பனி இது சிறிது கூடிக் குறையும். ஆகவே இலக்கத்தை மட்டும் சொல்லி யாரிடமும் வாங்கிவரச் சொல்ல வேண்டாம். என் அனுபவத்தில் எங்கள் தலைகளுக்கு 1பியும் 2உம்தான் அதிகம் பொருந்துகின்றன. இரண்டில் எது என்று முடிவெடுக்க முடியாவிட்டால் வெளிர்ந்ததை எடுங்கள். வெளிர்ந்த மனிதமுடியைப் பிறகு சாயமிட்டுக் கறுக்க வைக்கலாம். கறுத்ததை வெளிறச் செய்ய வேண்டுமென்றால் பிளீச் போடவேண்டும். அதில் முடி வைக்கோலாகிவிடும்.

அடுத்தது, தலையின் எந்த இடத்தோடு நிறத்தை ஒப்பிடுவது? கடையில் பெரும்பாலானோர் சவுரியை எடுத்து உச்சியில் வைத்துக் கண்ணாடியில் பார்க்கிறார்கள். சவுரி உச்சியிலா தெரியப் போகிறது? அது பிடரியில் தொடங்கிக் கீழே தொங்குவது. உங்கள் சொந்த மயிரின் நுனி முடிகிற இடத்தில்தான் அது தனியாக வெளியே வரும். ஆகவே நுனியோடுதான் ஒப்பிட வேண்டும்.

நுனிக்கும் உச்சிக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் வளர்கிறது. 60 சென்ரிமீற்றர் நீளமான கூந்தலின் நுனி என்பது ஐந்து வருடங்களுக்கு முன் தலையை விட்டு வெளியே வந்தது. ஐந்து வருட வெயிலையும் காற்றையும் முழுக்கையும் அது கண்டிருக்கிறது. வெயில் படப்பட மயிரில் உள்ள நிறமி சிதைந்து செம்பட்டையாகும். அதோடு எங்கள் குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. அதிலுள்ள உப்புகள் மயிரில் படிந்து பளபளப்பைக் குறைத்துவிடும். அதனால்தான் புதிய சவுரி மினுங்க, பக்கத்தில் சொந்த மயிர் மங்கிக் கிடக்கும். நுனியை ஒரு அங்குலம் வெட்டிவிட்டுப் பிறகு நிறம் பாருங்கள் என்று நான் மணப்பெண்களுக்குச் சொல்வதுண்டு. செம்பட்டை கூடிய பகுதி போய்விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் நுனி வெட்டுவதென்றால் அம்மாமார் விடமாட்டார்கள்! கலியாணம் முடியட்டும் என்பார்கள்.

உச்சியில் மயிர் ஐதாகி, அந்த இடத்தை மூடுவதற்குக் கிளிப் வைத்த சிறிய முடித்துண்டு வாங்குபவர்கள் இதற்கு எதிர்மாறாகச் செய்ய வேண்டும். அது உச்சியிலும் காதோரத்திலும் உள்ள மயிரோடுதான் கலக்கிறது. அங்கே உள்ள நிறத்தைப் பாருங்கள், நுனியை விட்டுவிடுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ரியூப் லைற்றின் கீழே ஒன்றுபோலத் தெரிகிற இரண்டு கறுப்புகள், வாசலுக்கு வந்தால் வேறு வேறாகிவிடும். ஒன்று நீலம் கலந்த கறுப்பு, மற்றது சிவப்புக் கலந்த கறுப்பு என்பது பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். சேலை வாங்கும்போது கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பதற்கு நாம் வெட்கப்படுவதில்லை. சவுரியையும் அப்படியே கொண்டு போங்கள். உச்சி வெயில் வேண்டாம். நேர் வெயில் படாத நிழலில், காலையிலோ பின்னேரமோ பார்ப்பது நல்லது. கூடவே ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பிடரியில் வைத்துப் பார்ப்பதைத் தனியே செய்ய முடியாது. தனியே போகத்தான் வேண்டுமென்றால், நுனியில் இருந்து சிறு கற்றை வெட்டி, நூலால் கட்டி, வெள்ளைக் கடதாசியில் ஒட்டிக்கொண்டு போங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் கடைக்கு அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. நிறத்துக்கு அந்தப் படத்தை நம்ப வேண்டாம். ஒரே கூந்தல் ஒரு தொலைபேசியில் கறுப்பாகவும் இன்னொன்றில் மண்ணிறமாகவும் விழுகிறது.

எண்ணெய் வைத்த தலை கறுத்துத் தெரியும். ஈரத் தலையும் அப்படியே. எனவே முழுகிக் காய்ந்த தலையோடு கடைக்குப் போவது பொதுவான முறை. ஆனால் நாள்தோறும் எண்ணெய் வைத்துப் பின்னி வேலைக்குப் போகிறவர், அந்தப் பின்னலுக்கென்றே சவுரி வாங்குகிறார் என்றால் எண்ணெய்த் தலையோடு போவதுதான் சரி. நைலோன் சவுரி எண்ணெயை உறிஞ்சாது. உங்கள் தலைமட்டும் கறுத்து நிற்கும்.

இதுவரை சொன்னது அழகுக்காகவும் சடங்குக்காகவும் சவுரி வைப்பவர்களுக்கு. சிகிச்சையால் தலைமயிர் முழுவதையும் இழந்து, விக் வாங்க வேண்டிய நிலையில் என்னிடம் வரும் சகோதரிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தலையில் ஒன்றும் இல்லை. நிறப் பொருத்தம் மிக முக்கியமாகிறதும் அவர்களுக்குத்தான்.

2019 ஆம் ஆண்டு ஒரு ஆசிரியை வந்தார். மார்புப் புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை முடித்து இரண்டு மாதம். மகளுக்குச் சாமத்திய வீடு வைத்திருந்தார்கள். மண்டபம் எடுத்தாயிற்று, அட்டை கொடுத்தாயிற்று. தாய் மட்டும் மண்டபத்துக்கு வரமாட்டேன் என்று நிற்கிறார். வெளிநாட்டில் உள்ள தங்கை அனுப்பிய விக் ஒன்று அவரிடம் இருந்தது. விலை கூடியது, நல்ல மனிதமுடி. பார்த்தவுடனேயே தெரிந்தது, 1ஆம் இலக்கத் தார்க் கறுப்பு.

“தொப்பி போட்டது போலக் கிடக்கு அக்கா. போன கிழமை கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனனான். கதைச்ச ஆக்கள் எல்லாரும் என்ரை கண்ணைப் பார்க்கேல்லை, நெத்தியைத்தான் பார்த்தவை” என்றார்.

சிகிச்சையில் முகம் வெளிறி, புருவமும் உதிர்ந்திருந்தது. வெளிறிய முகத்துக்கு மேல் கடும் கறுப்பு வந்தால் முகம் இன்னும் வாடித் தெரியும். உடம்பு தேறியவர்களைக்கூட அது நோயாளியாகக் காட்டும். “ரீச்சர், முந்தி உங்கடை தலைமயிர் என்ன நிறம்?” என்று கேட்டேன். “கறுப்புத்தான்” என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பழைய படங்களைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறம்.

கூட வந்த மகள் அதுவரை வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் தனியே சைக்கிளில் வந்து ஒரு கடித உறையைத் தந்தாள். உள்ளே தாயின் தலைமயிர். “அம்மான்ரை தலைமயிர் கொட்டத் தொடங்கேக்கை தலையணையிலை இருந்து எடுத்து வைச்சனான் அன்ரி. அவவுக்குத் தெரியாது” என்றாள்.

கடதாசியில் பரப்பிப் பார்த்தேன். கடும் மண்ணிறம், இடையிடையே நரை. 2க்கும் 1பிக்கும் நடுவில் வருகிற நிறம், நூற்றுக்குப் பத்து நரை. இந்தக் கணக்கை வைத்துக் கொழும்பில் முடி வேலை செய்யும் ஒருவருக்குச் சொல்லி அனுப்பினேன். முன்நெற்றி ஓரத்தில் அடர்த்தியைக் குறைத்து, காதோரத்தில் மட்டும் நாலைந்து நரை வைக்கச் சொன்னேன். நரையைக் காசு கொடுத்து வாங்குவதா என்று ஆசிரியை சிரித்தார். என்னிடம் வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். பதினொரு நாளில் வந்து சேர்ந்தது. சடங்கன்று மகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார். தூரத்து உறவினர் ஒருவர், “ரீச்சர், மயிர் கெதியா வளர்ந்திட்டுது” என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். “ஓம்” என்று சொல்லிவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

இதனால் சிகிச்சை தொடங்கவிருக்கும் சகோதரிகளிடமும் அவர்களின் பிள்ளைகளிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எல்லாக் கீமோ மருந்துக்கும் மயிர் கொட்டுவதில்லை. உங்களுக்குக் கொட்டுமா என்று வைத்தியரிடம் முதலே கேளுங்கள். கொட்டும் மருந்து என்றால் முதல் ஊசி போட்டு இரண்டு மூன்று கிழமையில் தொடங்கிவிடும். அதற்கு முன் உச்சியில் ஒன்று, காதோரத்தில் ஒன்று, பிடரியில் ஒன்று என மூன்று சிறு கற்றைகளை வெட்டி, எது எங்கே இருந்தது என்று எழுதி, ஒரு உறையில் போட்டு வையுங்கள். மூன்று இடத்திலும் நிறம் ஒன்றாக இராது. முடிந்தால் மயிர் இருக்கும்போதே விக்கையும் தெரிவு செய்துவிடுங்கள். சிகிச்சை முடிந்து புதிதாக வளரும் மயிர் முதலில் சுருளாகவோ வேறு நிறத்திலோ வருவதுண்டு. பெரும்பாலும் காலப்போக்கில் பழையபடி ஆகிவிடும். அந்தப் புதுமயிரின் நிறத்துக்கு அவசரப்பட்டு இன்னொரு விக் வாங்கிக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

நரையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐம்பது கடந்தவர்கள் சவுரி கேட்டு வரும்போது அநேகமாகக் கறுப்புத்தான் கேட்கிறார்கள். தலையில் பாதி நரை, கொண்டை முழுக்கக் கறுப்பு என்றால் எவ்வளவு உயர்ந்த சவுரியானாலும் எடுபடாது. நரை கலந்தே சவுரி கிடைக்கிறது. 1பி20 என்று போட்டிருந்தால் இயற்கைக் கறுப்பில் நூற்றுக்கு இருபது நரை. 1பி40 என்றால் நாற்பது. மனித நரைமுடி நாள் போகப்போகப் பழுத்து மஞ்சளடிக்கும் என்பதால், நல்ல வேலைக்காரர்கள் நரைக்கு மட்டும் செயற்கை இழையைக் கலப்பார்கள். அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். நரை எல்லோருக்கும் ஒரே அளவாக விழுவதுமில்லை. முன்பக்கம் நரைத்துப் பிடரி கறுப்பாக உள்ளவர்கள் அநேகர். அவர்களுக்குப் பின்கொண்டைக்கு நரை கலந்த சவுரி தேவையில்லை.

தலைக்கு மருதோன்றி போடுகிறவர்களுக்குச் சங்கடம் வேறு. நரை இருந்த இடமெல்லாம் செம்மஞ்சளாகி நிற்கும். அதற்குக் கடையில் நிறம் தேடி அலைவதைவிட, மனிதமுடிச் சவுரி நரை கலந்ததாக வாங்கி (நரையும் மனிதமுடியாக இருக்க வேண்டும்), தலைக்குப் போடும் அதே மருதோன்றியில் அதையும் ஊற வையுங்கள். அலசியபின் இரண்டும் அக்கா தங்கைபோல இருக்கும்.

சவுரிக்கு ஏற்றபடி தலைக்குச் சாயம் போடுவது எனக்குப் பிடிக்காத காரியம். கலியாணத்துக்கு முதல்நாள் இரவு இப்படிச் செய்து, விடிய முகம் வீங்கி நின்ற மணப்பெண்ணைக் கண்டிருக்கிறேன். கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் பிபிடி என்ற இரசாயனம் இருக்கிறது. கறுப்பு மருதோன்றி என்று விற்கும் பொடிகளிலும் அதைக் கலப்பார்கள். அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. போட்டே ஆகவேண்டும் என்பவர்கள், காதுக்குப் பின்னால் சிறிது பூசி இரண்டு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். சிகிச்சையிலிருந்து தேறி வருபவர்களின் தலைத்தோல் மென்மையாக இருக்கும். அவர்கள் தலைக்குச் சாயம் போடவே வேண்டாம். தலையை விட்டுவிட்டுச் சவுரிக்குச் சாயம் போடுங்கள், அதற்கு ஒன்றும் வீங்காது.

ஆனால் சாயம் பிடிப்பது மனிதமுடிக்கு மட்டும்தான். நைலோனுக்குத் தலைச்சாயம் பிடிக்காது. மனிதமுடி என்று சொல்லி இரண்டையும் கலந்து விற்பதும் உண்டு. இரண்டு இழையைக் கேட்டு வாங்கி ஒரு கோப்பைத் தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். மனிதமுடி கருகி, இறகு எரிந்த மணம் மணந்து, தொட்டால் பொடியாகும். நைலோன் உருகிச் சிறு மணியாக இறுகும். சாயமூட்டிய முடியா என்று அறிய, ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கறுப்பு இறங்கினால் அது சில மாதத்தில் வெயிலுக்குச் சிவந்துவிடும். நைலோன் என்பதற்காக ஒதுக்கவும் தேவையில்லை. 2022 இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபிறகு இறக்குமதியாகும் மனிதமுடி பலருக்கு எட்டாத விலையாகிவிட்டது. ஒருநாள் சடங்குக்கு நைலோன் போதும். ஆனால் அதில் மினுக்கம் குறைந்ததாகத் தெரிவு செய்யுங்கள். வீடியோ வெளிச்சம் பட்டால் மினுங்கும் நைலோன் நீலமடிக்கும்.

ஒரே நிறத்தில் பொருத்தமானது கிடைக்கவில்லை என்றால் என்ன செய்யலாம்? தடித்த சவுரி ஒன்றுக்குப் பதிலாக மெல்லியது இரண்டு, ஒன்று 1பி, மற்றது 2 என வாங்குங்கள். இரண்டையும் சேர்த்துச் சீவிக் கலந்து, மூன்று காலுக்கும் பிரித்துப் பின்னினால் ஒரு நிறமும் தனியே துருத்தாது. சொந்த மயிரே ஒரு நிறம் இல்லாதபோது, சவுரி மட்டும் ஒரே நிறமாக இருந்தால்தான் கண்ணில் குத்தும். வெளிநாட்டிலிருந்து வந்து கலியாணம் செய்யும் பிள்ளைகள் இடையிடையே பொன்னிறம் அடித்துக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கும் இந்த வழியில் 4ஆம் இலக்கத்தில் கொஞ்சம் சேர்த்துச் சமாளிக்கிறேன். சவுரி தொடங்கும் இடத்தை மல்லிகைச் சரத்தால் மறைத்துவிடலாம் என்பார்கள். மறைக்கலாம்தான். ஆனால் சரத்துக்குக் கீழே தொங்குவதை எதனால் மறைப்பது?

என் அம்மம்மா சவுரி வாங்கியதே இல்லை. தலை வாரும்போது கழிகிற மயிரைச் சுருட்டி ஒரு துணிப்பையில் போட்டு வைப்பார். இரண்டு மூன்று வருடத்தில் ஒரு சவுரிக்குக் காணும். சிக்கெடுத்து, நூலில் கட்டிச் சவுரியாக்கிக்கொள்வார். சொந்த மயிர் என்பதால் நிறம் பார்க்கவே தேவையிருக்கவில்லை. நரை விழ விழப் பையிலும் நரை சேர்ந்துகொண்டே வந்தது. இன்றும் பொறுமையுள்ளவர்கள் இதைச் செய்யலாம். கட்டத் தெரிந்தவர்கள்தான் அருகி வருகிறார்கள்.

வாங்கிய சவுரியின் நிறம் நிற்பது பாவனையில் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில், காரமில்லாத ஷாம்பூவால் அலசி, முறுக்காமல் நிழலில் தொங்கவிடுங்கள். முழுகிவிட்டுத் தலையை வெயிலில் காய வைப்பதுபோலச் சவுரியைக் கொடியில் போட வேண்டாம். தலையில் நாளுக்கு நாள் புதுமயிர் வளர்கிறது. சவுரிக்கு வளர்வதற்கு ஒன்றும் இல்லை, போன நிறம் போனதுதான். பழையதைக் கழிக்கும்போது அதையே மாதிரியாக எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள். அது வெளிறிப்போன நிறம். இந்தப் பத்து மாதத்தில் உங்கள் தலையில் நாலு நரையும் கூடியிருக்கும். அன்றைக்குச் சீப்பில் வந்த மயிரைக் கடதாசியில் ஒட்டிக்கொண்டு போங்கள்.